விமானத் தரவு வலையமைப்பில் தாமதத்தின் உச்சவரம்பு

அலுவலகத்தில் இயங்கும் கணினி வலையமைப்பு ஒன்றைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்வி, அது எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதுதான். விமானத்தின் மின்னணுக் கருவிகளை இணைக்கும் வலையமைப்பிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: இந்தச் செய்தி, எல்லாச் சூழ்நிலைகளும் ஒருசேர மோசமாக அமைந்த நிலையில், அதிகபட்சம் எவ்வளவு தாமதமாகச் சென்று சேரும்? இதற்கான விடை ஓர் எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண் ஒருபோதும் மீறப்படாது என்பதற்கு நிரூபணமும் உடன் வர வேண்டும். பேரழிவை உண்டாக்கக்கூடிய கோளாறு நிகழும் வாய்ப்பு, பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது பயணிகள் விமானங்களுக்கான வழிகாட்டு அளவு. நூறு கோடி மணி நேரம் என்பது ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் என்பதால், ஒரு வலையமைப்பை ஓடவிட்டு அளந்து பார்த்தே இதை உறுதி செய்துவிட முடியாது. ஆகவே, நிரூபிக்கத்தக்க விதத்தில் அதை வடிவமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. விமான வலையமைப்புகளின் வளர்ச்சியை வேகத்தின் வளர்ச்சியாகப் படிப்பதைவிட, இந்த நிரூபணத்தை எளிதாக வைத்துக்கொள்ள மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் தொடராகப் படிப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

பகிர்வே இல்லாத இடத்தில் இந்த நிரூபணம் மிக எளிது. 1970களின் பிற்பகுதியில் வந்து, ஏர்பஸ் ஏ320, போயிங் 757, 767 போன்ற விமானங்களில் பரவலாகப் பயன்பட்ட ஆரிங்க் 429 என்ற தரநிலை அத்தகைய ஏற்பாடு. ஒரு முறுக்கிய கம்பி இணை, அதில் அனுப்பும் கருவி ஒன்றே ஒன்று, கேட்கும் கருவிகள் அதிகபட்சம் 20. ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டும், 32 பிட். அதில் 8 பிட், அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று அறிவிக்கும் லேபிள். வேகம் விநாடிக்கு 100 கிலோபிட் என்றால் ஒரு சொல்லை அனுப்ப 320 மைக்ரோவிநாடி ஆகும். அடுத்த சொல்லுக்கு முன் குறைந்தது 4 பிட் அளவு இடைவெளி விட வேண்டும். கம்பி முழுவதும் ஒரே கருவிக்கு உரியது என்பதால் அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கருவி பழுதடைந்து கண்டபடி பேசத் தொடங்கினாலும் பாதிக்கப்படுவது அதன் சொந்தக் கம்பி மட்டுமே. இன்றைய வேகங்களோடு ஒப்பிட்டு ஆரிங்க் 429ஐக் குறைத்து மதிப்பிடுபவர்கள், அது இலவசமாகத் தந்த இந்தத் தனிமைப்படுத்தலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதன் பின் வந்த ஒவ்வொரு வலையமைப்பும் அதே தனிமைப்படுத்தலை விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டைக் கைவிட நேர்ந்ததற்குக் காரணம் கம்பிகளின் எடையும் எண்ணிக்கையும்தான். ஒவ்வொரு கருவியும் மற்றப் பல கருவிகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டிய விமானத்தில், இணைப்புகளின் எண்ணிக்கை கருவிகளின் எண்ணிக்கையைவிட மிக வேகமாகப் பெருகுகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் எடை உண்டு, இணைப்பான் உண்டு, உடையும் வாய்ப்பும் உண்டு. போர் விமானத்தில் இந்த நெருக்கடி முன்னதாகவே வந்தது. அமெரிக்க ராணுவம் 1973இல் வெளியிட்டு, 1978இல் இன்றைய வடிவத்துக்குத் திருத்திய மில்-எஸ்டிடி-1553 என்ற தரநிலை, எஃப்-16 போன்ற விமானங்களில் எல்லாக் கருவிகளையும் டேட்டா பஸ் எனப்படும் ஒரே பொதுக் கம்பியில் கோத்தது. இதில் பஸ் கட்டுப்படுத்தி ஒன்று இருக்கும். அது கேட்டால் மட்டுமே, முனையங்கள் எனப்படும் மற்றக் கருவிகள் பேசலாம். முனையங்கள் அதிகபட்சம் 31; வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்; ஒரு சொல் 20 பிட், அதாவது 20 மைக்ரோவிநாடி.

இந்த முறையின் அழகு, உச்சவரம்பை ஒரு காகிதத் துண்டில் கணக்கிட்டுவிடலாம் என்பதில் இருக்கிறது. கட்டளைச் சொல்லுக்கு 20 மைக்ரோவிநாடி, முனையம் பதில் தொடங்க அதிகபட்சம் 12, நிலைச் சொல்லுக்கு 20, அதன் பின் 32 தரவுச் சொற்களுக்கு 640. மொத்தத்தில் மிகப் பெரிய செய்தியும் ஏறத்தாழ 0.7 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட செய்திகளை ஓர் அட்டவணையில் அடுக்கினால் முழுச் சுழற்சியும் எப்போது முடியும் என்பது தெரிந்துவிடும். பேச்சை நிறுத்தாத முனையத்துக்கும் இதில் பதில் உண்டு: எந்த முனையமும் 800 மைக்ரோவிநாடிக்கு மேல் தொடர்ந்து அனுப்பினால் அதைத் தடுத்து நிறுத்தும் மின்சுற்று அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று தரநிலை கட்டளையிடுகிறது. மென்பொருள் எவ்வளவு பழுதானாலும் அந்தச் சுற்று தன் வேலையைச் செய்யும் என்பதுதான் அதன் நோக்கம். என் பார்வையில், பகிரப்படும் எந்த ஊடகத்துக்கும் இதுவே முதல் வடிவமைப்பு விதி: ஒருவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம், தடுத்து நிறுத்தப்பட வேண்டிய மென்பொருளின் கையில் இருக்கக் கூடாது. 1553இன் பலவீனம், எல்லாமே ஒரு கட்டுப்படுத்தியை நம்பியிருப்பது. மாற்றுக் கட்டுப்படுத்தியை வைக்கலாம். ஆனால், முதலாவது செயலிழந்தது என்று இரண்டாவது எப்போது முடிவு செய்வது, இருவரும் ஒரே நேரத்தில் தாமே தலைமை என்று நினைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் உடனே வந்துவிடுகின்றன.

தலைமையே இல்லாமல் முறைவைத்துப் பேசும் வழியைப் போயிங் 777க்காக உருவான ஆரிங்க் 629 முயன்றது. ஒவ்வொரு முனையமும் தனக்குள் இருக்கும் மூன்று கால அளவிகளைப் பார்த்துத் தன் முறையைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். நேர்த்தியான கருத்துதான். ஆனால் அதற்கான பாகங்கள் விமானத் துறைக்கு வெளியே எங்கும் விற்பனையாகாதவை. அடுத்த தலைமுறை விமானங்கள் அதைப் பின்தொடரவில்லை.

அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டின் பக்கம் விமானத் துறை திரும்பியது, இத்தகைய தனிப் பாகங்களின் விலையால்தான். ஆனால் பழைய ஈதர்நெட் இந்தத் துறைக்கு முற்றிலும் பொருந்தாத குணம் ஒன்றைக் கொண்டிருந்தது. இரு கருவிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் தற்செயலாக அமையும் ஒரு காலம் காத்திருந்து மீண்டும் முயல்வார்கள். மறுபடியும் மோதலாம், மறுபடியும் காத்திருக்கலாம். தற்செயலுக்கு உச்சவரம்பு கிடையாது. இருதிசையிலும் தனித்தனிக் கம்பி இணைகளைக் கொண்டு, ஒவ்வொரு கருவியையும், செய்திகளை உரிய வாயிலுக்குத் திருப்பிவிடும் சுவிட்ச்சோடு நேரடியாக இணைத்தபோது மோதல் மறைந்தது. ஆயினும் போட்டி மறையவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது கம்பியிலிருந்து சுவிட்ச்சின் வெளிவாயிலில் இருக்கும் வரிசைக்கு இடம் மாறியது, அவ்வளவே. நான்கு வழிகளில் வரும் ஃப்ரேம்கள் எனப்படும் தரவுப் பொதிகள் ஒரே வாயில் வழியாக வெளியேற வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

ஏ380க்காக உருவாகி, ஆரிங்க் 664இன் 7ஆம் பகுதியாகத் தரநிலை பெற்ற ஏஎஃப்டிஎக்ஸ் என்ற விமான ஈதர்நெட், இந்த வரிசையை அடக்கும் கலைதான். போயிங் 787உம் இதே தரநிலையைப் பின்பற்றுகிறது. இதன் மையக் கருத்து விர்ச்சுவல் லிங்க் எனப்படும் மெய்நிகர் இணைப்பு. ஒரே ஒரு முனையத்தில் தொடங்கி, முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட பாதையில், ஒன்று அல்லது பல முனையங்களுக்குச் செல்லும் ஓடை என்று அதைக் கொள்ளலாம். ஒரு கம்பி, ஒரு அனுப்புநர், பல கேட்பவர்கள் என்ற ஆரிங்க் 429இன் வடிவம் அப்படியே இதில் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு எண்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒன்று, ஃப்ரேமின் அதிகபட்ச நீளம். மற்றொன்று, அடுத்தடுத்த இரு ஃப்ரேம்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. பேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, 1 முதல் 128 மில்லிவிநாடி வரை இரண்டின் அடுக்குகளாகவே இருக்கும். அனுப்பும் முனையம் இந்த ஒப்பந்தத்தைக் கடைப்பிடிக்கிறது. சுவிட்ச் அதை நம்பாமல் தானும் அளந்து பார்த்து, மீறிய ஃப்ரேமை எறிந்துவிடுகிறது. 1553இல் 800 மைக்ரோவிநாடியில் பேச்சைத் துண்டித்த மின்சுற்றின் வேலை இங்கே சுவிட்ச்சின் கைக்கு வந்துவிட்டது. எந்த முகவரி எந்த வாயிலில் இருக்கிறது என்பதைச் சாதாரணச் சுவிட்ச் தானாகக் கற்றுக்கொள்ளும். விமானச் சுவிட்ச் எதையும் கற்பதில்லை, அட்டவணையில் எழுதியிருப்பதை மட்டுமே செய்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 200 பைட் நீளமுள்ள ஃப்ரேம், பேக் 8 மில்லிவிநாடி என்று கொள்வோம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன்னொட்டாகவும் இடைவெளியாகவும் 20 பைட் சேரும். ஆக 220 பைட், 1,760 பிட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 17.6 மைக்ரோவிநாடி போதும். இப்படிப்பட்ட இணைப்புகளை ஒரே முனையத்தில் எத்தனை தொடங்கலாம்? எல்லா இணைப்புகளிலும் ஒரே கணத்தில் செய்தி தயாரானால் கடைசி ஃப்ரேம் தன் நேரத்திலிருந்து நகர்ந்துவிடும். இந்த நகர்வு, 40 மைக்ரோவிநாடி நிலையான பங்கையும் சேர்த்து, 500 மைக்ரோவிநாடியைத் தாண்டக் கூடாது என்பது தரநிலை. 25 இணைப்புகள் என்றால் 480 மைக்ரோவிநாடி. 26 வரை பொருந்தும், 27ஆவது பொருந்தாது.

இத்தகைய நான்கு முனையங்கள், ஒவ்வொன்றிலும் 25 இணைப்புகளோடு, ஒரு சுவிட்ச்சின் ஒரே வெளிவாயிலை நோக்கி அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு இணைப்புகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 220 கிலோபிட். வாயிலின் சராசரிச் சுமை வெறும் 22 சதவீதம். சராசரியைப் பார்த்து வடிவமைப்பவர் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்பார். ஆனால் முனையங்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை; ஆகவே நூறு ஃப்ரேம்களும் ஒரே சமயத்தில் வந்து குவிவதை யாராலும் மறுக்க முடியாது. அப்படிக் குவிந்தால் கடைசி ஃப்ரேம் வெளியேற 1.76 மில்லிவிநாடி ஆகும். வாயில் காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தைப் போல நூறு மடங்கு. ஒரே கம்பியில் வரும் ஃப்ரேம்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும் என்ற உண்மையைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை சற்றுத் தேறும்: ஒவ்வொரு கம்பியின் 25ஆவது ஃப்ரேமும் முதலாவதைவிட 422 மைக்ரோவிநாடி பிந்தியே வரும் என்பதால், அதன் காத்திருப்பு ஏறத்தாழ 1.34 மில்லிவிநாடியாகக் குறைகிறது. கருவிகளில் எதையும் தொடாமல், கணிதத்தைச் சற்றுக் கூர்மையாக்கியதால் மட்டும் உச்சவரம்பு கால் பங்கு இறங்கிவிட்டது. அதே கணக்கு, அந்தக் கணத்தில் வரிசையில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட ஃப்ரேம்கள் தேங்கி நிற்கும் என்றும் சொல்கிறது. அவற்றுக்கான நினைவகம் சுவிட்ச்சில் இல்லையென்றால் ஃப்ரேம்கள் தொலையும், தாமதத்துக்கான நிரூபணமும் அர்த்தமிழக்கும்.

ஒரு சுவிட்ச்சோடு இது முடிவதில்லை. முதல் சுவிட்ச்சில் ஒரு ஃப்ரேம் நெடுநேரம் காத்திருந்து, அடுத்த ஃப்ரேம் காத்திராமல் வெளியேறினால், இரண்டாவது சுவிட்ச்சை அடையும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் 8 மில்லிவிநாடிக்குக் குறைந்திருக்கும். நெருங்கி வரும் ஓடைகள் அடுத்த வரிசையை இன்னும் நீளமாக்குகின்றன. இந்தச் சங்கிலியை முறையாகக் கணக்கிட, ரெனே குரூஸ் 1991இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த நெட்வொர்க் கால்குலஸ் பயன்படுகிறது. ஏ380இன் வலையமைப்புக்குச் சான்று பெறவும் இந்தக் கணிதமே துணை நின்றது. ஓர் ஓடை எந்தக் கணத்திலும் எவ்வளவுக்கு மேல் வராது என்பதற்கு ஒரு வளைகோடு, வாயில் எவ்வளவுக்குக் குறையாமல் பணியாற்றும் என்பதற்கு இன்னொரு வளைகோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய கிடைத்தூரமே தாமதத்தின் உச்சவரம்பு. இது தரும் எண் உண்மையில் நிகழக்கூடிய மோசமான தாமதத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதலை வீண் என்று குறைகூறுவோர் உண்டு. பாதுகாப்பான பக்கம் சாய்ந்த எண்ணை, கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கத்தக்க எண்ணாக நான் மதிக்கிறேன். சங்கிலியில் வட்டம் விழாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்: முதல் சுவிட்ச்சின் தாமதம் இரண்டாவதைச் சார்ந்து, இரண்டாவது மூன்றாவதைச் சார்ந்து, மூன்றாவது மீண்டும் முதலாவதைச் சார்ந்தால் கணக்கை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. பாதைகளை வகுக்கும்போதே இதைத் தவிர்ப்பது, பின்னால் கணிதத்தோடு போராடுவதைவிட மிக மலிவானது.

இங்கே, வலையமைப்பு வடிவமைப்பாளர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை என்று நான் கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானி பார்க்கும் எண்ணின் வயது, வலையமைப்பின் தாமதத்தால் மட்டும் ஆனதன்று. உணரி 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அளக்கிறது, அதன் அருகிலுள்ள தரவுத் திரட்டி 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது, பெறும் கணினியின் நிரல் 40 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழித்துப் படிக்கிறது என்று கொள்வோம். இவை ஒன்றோடொன்று ஒத்திசைந்து ஓடாதவரை, ஒவ்வொரு கட்டத்திலும் முழுச் சுழற்சி அளவு காத்திருப்பு சேரலாம். ஆக 70 மில்லிவிநாடி. வலையமைப்பின் பங்கு அதில் இரண்டோ மூன்றோ மில்லிவிநாடிதான். சுவிட்ச்சில் மைக்ரோவிநாடிகளை மிச்சப்படுத்தப் பெருமுயற்சி செய்யும் குழு, நிரல்களின் சுழற்சிக் காலங்களைப் பார்வையிடாமல் விட்டால், அந்த உழைப்பின் பயன் விமானியின் திரையைச் சென்று அடைவதில்லை. முதல் வரைவிலேயே உணரி முதல் திரை வரை ஒரே காலக் கணக்காக எழுதி, அதில் வலையமைப்புக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதே முறை.

தரவின் வயதைப் பெறுபவரே சரிபார்க்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. இந்த வலையமைப்புகளில் பெரும்பாலான செய்திகள் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படுவதில்லை, ஏனெனில் மறுபடி வரும் பழைய மதிப்பைவிட அடுத்த சுழற்சியில் வரும் புதிய மதிப்பு மேலானது. ஆனால் புதிய மதிப்பு வராமல் பழையதே நினைவகத்தில் தங்கியிருந்தால், படிக்கும் நிரலுக்கு அது உயிருள்ள எண்ணாகவே தோன்றும். 787 விமானங்களைத் தொடர்ச்சியாக 51 நாட்கள் மின்னிணைப்பில் வைத்திருந்தால் பழைய தரவைக் கண்டறியும் கண்காணிப்பு செயலிழக்கக்கூடும் என்பதால், அதற்குள் ஒருமுறை மின்னிணைப்பை முழுவதும் துண்டிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2020இல் ஆணையிட்டது. ஏ350 விமானங்களில் சிலவற்றுக்கு, 149 மணி நேரத் தொடர் இயக்கத்தின் பின் சில கருவிகள் வலையமைப்போடு தொடர்பை இழந்ததால், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2017இல் இதையொத்த ஆணை பிறப்பித்தது. நீண்ட காலம் அணைக்காமல் இயக்குவதும் ஒரு மோசமான சூழ்நிலைதான் என்பதைச் சோதனைத் திட்டத்தில் எழுதி வைக்க இந்த இரண்டு ஆணைகளும் போதிய காரணம்.

நேரத்துக்கு வந்தும் பொய்யாக இருக்கும் தரவு இன்னும் கடினமானது. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் 72 என்ற ஏ330, நடுவானில் இருமுறை திடீரென மூக்கைத் தாழ்த்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வான்தரவுக் கணினிகளில் ஒன்று, உயரத்தின் மதிப்பைத் தாக்குகோணத்தின் (எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம்) லேபிளோடு சேர்த்து அவ்வப்போது அனுப்பியிருக்கக்கூடும் என்று விசாரணை விளக்கியது. அந்தத் தவறான மதிப்புகள் குறுகிய இடைவெளியில் மீண்டும் வந்தபோது பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினியின் வடிகட்டும் முறை அவற்றைத் தடுக்கத் தவறியது. கம்பி தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஒற்றைப்படைச் சரிபார்ப்போ ஈதர்நெட்டின் 32 பிட் சரிபார்ப்போ, வழியில் கெட்டுப்போன பிட்டைக் காட்டிக்கொடுக்கும். பிறக்கும்போதே தவறாக இருந்த சொல்லை அவை அறியா. அதனால்தான் மிக முக்கியமான தரவுக்கு, பயன்படுத்தும் நிரல்களே தமக்குள் தனிச் சரிபார்ப்பு எண்ணையும் நேரமுத்திரையையும் சேர்த்துக்கொண்டு, இடையிலுள்ள வலையமைப்பு முழுவதையும் நம்பத் தகாததாக நடத்துகின்றன. சுவிட்ச்சின் நினைவகத்தில் ஒரு ஃப்ரேம் சிதைந்தாலும், நெடுநேரம் சிக்கிப் பின் வெளிவந்தாலும், இந்த ஏற்பாடு அதைக் கண்டுகொள்ளும்.

ஏஎஃப்டிஎக்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஏ, பி என்ற இரு தனி வலையமைப்புகளில் ஒரே வேளையில் அனுப்பப்படுகிறது. வரிசை எண்ணைப் பார்த்து, முதலில் வந்த நல்ல பிரதியைப் பெறுபவர் ஏற்று, மற்றதை விடுகிறார். வடிவமைப்பு வரைபடத்தில் இரண்டாக இருப்பவை விமானத்தின் உடலிலும் இரண்டாக இருக்கின்றனவா என்பதே இங்கு எழும் கேள்வி. 2010 நவம்பர் 4 அன்று குவாண்டாஸ் 32 என்ற ஏ380இன் இரண்டாம் எஞ்சினில் சுழல்தட்டு வெடித்துச் சிதறியபோது, துண்டுகள் இறக்கையினூடாகப் பாய்ந்து நூற்றுக்கணக்கான கம்பிகளைத் துண்டித்தன. தரையிறங்கிய பின்னும் பக்கத்து எஞ்சினை வழக்கமான முறையில் நிறுத்த முடியவில்லை. ஆகவே, எஞ்சின் சிதறல் பாயக்கூடிய கோணங்களை வரைந்து, இரு பாதைகளும் ஒரே கோணத்தில் விழாதவாறு கம்பிகளைச் செலுத்துவது வலையமைப்பு வடிவமைப்பின் பகுதியே. மின்வழங்கலையும் இப்படியே பிரிக்க வேண்டும். இரு சுவிட்ச்களிலும் ஒரே மென்பொருள் ஓடினால் ஒரே பிழை இரண்டையும் ஒன்றாகச் சாய்க்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கடிகாரங்களை ஒத்திசைத்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால், மேலே கணக்கிட்ட 1.34 மில்லிவிநாடிக் காத்திருப்பு கிட்டத்தட்ட முழுவதும் மறையும். 2011இல் ஏஎஸ்6802 என்ற பெயரில் தரநிலை பெற்ற டிடிஈதர்நெட் இவ்வழியில் செல்கிறது. நாசாவின் ஓரியன் விண்கலத்தில் அது இருக்கிறது. நேர முறைப்பட்ட ஃப்ரேம்கள், ஏஎஃப்டிஎக்ஸ் போன்ற விகித ஒப்பந்த ஃப்ரேம்கள், எந்த உறுதியும் இல்லாத சாதாரண ஃப்ரேம்கள் என மூவகையையும் ஒரே கம்பியில் அது சுமக்கும். பொது ஈதர்நெட் தரநிலைகளிலும் டிஎஸ்என் (நேர உணர்வுள்ள வலையமைப்பு) என்ற தொகுதியாக இதே கருத்துகள் நுழைந்துள்ளன: வாயில்களை அட்டவணைப்படி திறந்து மூடுவது, ஒப்பந்தத்தை மீறும் ஓடையை வடிகட்டுவது, ஃப்ரேமை இரு பாதைகளில் அனுப்பி ஒன்றை ஏற்பது. இவற்றுள் பின்னிரண்டும் விமானத் துறை முன்பே பழகியவை. பாகங்கள் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கும் என்பதால் இந்தத் திசையை நான் உளமார வரவேற்கிறேன்.

ஆனால் இங்கே பகிரப்படுவது கம்பி மட்டுமன்று, நேரமும்தான். எல்லாச் சுவிட்ச்களும் ஒரே நேரத்தை நம்பி இயங்கும்போது, தவறான நேரத்தைச் சொல்லும் கடிகாரம் ஏ, பி இரண்டையும் ஒன்றாகப் பாதிக்கலாம். அதிலும், ஒருவருக்கு ஒரு நேரமும் மற்றவருக்கு வேறு நேரமும் சொல்லும் கடிகாரத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஏஎஸ்6802 இப்படிப்பட்ட கோளாறுகளை எண்ணியே உருவாக்கப்பட்டது. டிஎஸ்என் பயன்படுத்தும் நேர ஒத்திசைவு, தலைமைக் கடிகாரம் ஒன்றை எல்லோரும் பின்தொடரும் வடிவில் பிறந்தது என்பதால், விமானத்துக்கு அதைக் கொண்டுவருவோர் பல கடிகாரங்களை ஒப்பிட்டுத் தவறானதை ஒதுக்கும் ஏற்பாட்டைத் தாமே சேர்த்து, அந்த ஏற்பாட்டையும் நிரூபிக்க வேண்டும். ஒத்திசைவு கலைந்த கணம் முதல் மீண்டும் கூடும் வரை வலையமைப்பு விகித ஒப்பந்தங்களை மட்டும் நம்பி ஓட வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கான உச்சவரம்பும் அதே சான்றளிப்புக் கோப்பில் தனியே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும்.